ஓல்டு பில்லிக்கு 62 வயது என்று யார் சொன்னது?

மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் ஒரு குதிரையின் மண்டையோடு இருக்கிறது. அதே குதிரையின் பதம்செய்த தலை பெட்ஃபர்டு நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் ஓல்டு பில்லி. இங்கிலாந்தின் வாரிங்டனை ஒட்டிய வூல்ஸ்டனில், எட்வர்ட் ராபின்சன் என்பவரின் பண்ணையில் 1760இல் பிறந்து, மெர்சி அண்ட் இர்வெல் நேவிகேஷன் கம்பெனியின் சரக்குப் படகுகளை இழுத்து, 1819இல் வேலையிலிருந்து விடுபட்டு, 1822 நவம்பர் 27 அன்று இறந்தது என்பது வரலாறு. அப்படியானால் வயது 62. நல்ல தீனியும் கவனிப்பும் கிடைக்கும் குதிரைகூட 25 முதல் 30 ஆண்டு வாழ்ந்தால் நிறைவான ஆயுள்தான். அதைப்போல இரண்டு மடங்கு வாழ்ந்த குதிரை என்று கின்னஸ் உட்பட எல்லாரும் பில்லியைத்தான் காட்டுகிறார்கள்.

குதிரையின் வயதென்றால் பல்லைப் பார் என்பது உலக வழக்கம். ஆளுக்கு வயதாகிவிட்டது என்பதை ஆங்கிலத்தில் ‘லாங் இன் த டூத்’, பல் நீண்டுபோச்சு என்று கேலியாகச் சொல்வதும் குதிரைத் தரகர்களிடமிருந்து வந்ததே. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அது மனிதர்கள்மேல் ஏறிவிட்டது. அப்படியிருக்க, பில்லியின் 62ஐ அதன் பல் தாங்குகிறதா? தாங்கவில்லை என்றால் வேறு எது தாங்குகிறது?

முதலில் பல்லின் கதை. குதிரைப் பல் எலிப் பல்லைப் போல ஆயுள் முழுக்க வளர்வதில்லை. பிறந்த சில ஆண்டுகளுக்குள் முழுப் பல்லும் உருவாகித் தாடைக்குள் புதைந்து நிற்கிறது. இளம் குதிரையின் வெட்டுப்பல் ஏறக்குறைய 7 செ.மீ. நீளம், வெளியே தெரிவது அதில் சிறு பகுதி. புல்லில் உள்ள சிலிக்காவும் மண்ணும் ஆண்டுக்கு 2, 3 மி.மீ. தேய்க்க, அதே அளவு அடியிலிருந்து மேலெழும்பி வருகிறது. தேய்வதும் எழும்புவதும் சரியாக இருக்கும்வரை வெளியே தெரியும் உயரம் பெரிதாக மாறாது. வயது ஏறஏற ஈறு இறங்குகிறது. இளமையில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பக்கவாட்டில் ஏறக்குறைய நேர்கோட்டில் முட்டி நிற்கும். கிழத்தில் இரண்டும் முன்னால் சாய்ந்து கூம்பாகத் துருத்தும். அதனால்தான் நீண்டதாகத் தெரிகிறது. உண்மையில் வேரோடு சேர்த்து அளந்தால் கிழக் குதிரையின் பல் குட்டையானது. சொலவடை பார்வைக்குச் சரி, அளவுகோலுக்குத் தவறு.

பார்க்கும் முறைக்கு வருவோம். குதிரையை நிழலில் ஒருவர் பிடித்துக்கொள்ள, பார்ப்பவர் அதன் இடப்பக்கம் தோளை ஒட்டி நிற்க வேண்டும், நேர் எதிரில் அல்ல. வாய் திறக்கும் முன்பே உதட்டை விரித்துப் பக்கவாட்டில் பற்களின் சாய்வைப் பார்த்துவிடலாம். பிறகு கடிவாளக் கம்பி உட்காரும் பல்லில்லாத இடைவெளியில் கட்டைவிரலை நுழைத்தால் குதிரை தானாக வாயைத் திறக்கும். நாக்கை மெதுவாகப் பக்கத்தில் ஒதுக்கிப் பிடிக்கலாம். முரட்டுத்தனமாக இழுத்தால் நாக்கின் அடியெலும்பு அடிபடும். தீனி ஒட்டியிருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவி, டார்ச் அடித்துக் கீழ் வெட்டுப்பற்களின் மேல்முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் பார்ப்பது கட்டாயம். ஒரே வாயில் இடதும் வலதும் வேறு வேறு வயது சொல்வது சாதாரணம்.

வெட்டுப்பல் மேலே ஆறு, கீழே ஆறு. நடுப்பல் ஒரு ஜோடி, இடைப்பல் ஒரு ஜோடி, ஓரப்பல் ஒரு ஜோடி. பால்பல் முளைப்பதை ஆறு நாள், ஆறு வாரம், ஆறு மாதம் என்று எளிதாக நினைவில் வைக்கலாம். நிலைப்பல் வருவது இரண்டரை, மூன்றரை, நாலரை வயதில். முளைத்த ஆறு மாதத்தில் எதிர்ப்பல்லைத் தொட்டுத் தேயத் தொடங்கும் என்பதால் மூன்று, நான்கு, ஐந்து என்ற கணக்கு. ஆண் குதிரைக்குக் கோரைப்பல் நான்கு, ஐந்து வயதில் வரும். நம்மூர் மாட்டுச் சந்தையில் ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று சொல்வதும் இதே அடிப்படைதான். மாட்டுக்கு மேல் வெட்டுப்பல் கிடையாது என்பதால் எண்ணிக்கையும் காலமும் மாறும்.

ஐந்து வயதுவரை பல் கிட்டத்தட்டப் பொய் சொல்லாது, ஏனென்றால் அதுவரை நாம் பார்ப்பது முளைப்பதை. முளைப்பது உடம்பின் வேலை. அதற்குப் பிறகு பார்ப்பது தேய்மானத்தை. தேய்மானம் தீனி, மண், தாடை அமைப்பு எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. வயதுக் கணிப்பில் வரும் சிக்கல்களில் பாதி இந்த இடத்தில் தொடங்குகிறது.

தேய்மானத்தின் முதல் குறி குழி. வெட்டுப்பல்லின் மேல்முகத்தில் எனாமல் உள்ளே மடிந்து ஒரு கிண்ணம்போல இறங்கியிருக்கும், அடியில் கறுப்பாகத் தீனி படிந்திருக்கும். பாடநூல் கணக்கில் கீழ் நடுப்பல்லில் ஆறு வயதிலும், இடைப்பல்லில் ஏழிலும், ஓரப்பல்லில் எட்டிலும் குழி மறைகிறது. மேல் பற்களில் ஒன்பது, பத்து, பதினொன்று. குழி மறையும் காலத்தில் அதற்கு முன்னால், உதட்டுப் பக்கமாக, மஞ்சள் பழுப்பில் ஒரு கோடு தெரியும். பல்லின் உள்கூழ் இருந்த இடம் டென்டினால், அதாவது எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல் திசுவால், நிரம்பி மேலே தெரிவதே அது. பல் நட்சத்திரம் என்பார்கள். கோடாகத் தொடங்கி வயதாக ஆக வட்டமாகி நடுவுக்கு நகரும். மேல்முகத்தின் வடிவமும் மாறுகிறது: இளமையில் அகன்ற முட்டை வடிவம், பத்தைத் தாண்டி வட்டம், பதினைந்தை ஒட்டி முக்கோணம், இருபதுக்குமேல் முன்பின்னாக நீண்ட முகம். ஏழு வயதில் மேல் ஓரப்பல்லில் ஒரு கொக்கி வரும், போகும், பதினொன்றில் மறுபடி வரும். இதை நம்பி வயது சொன்னவர்கள் அதிகம் ஏமாந்திருக்கிறார்கள், ஏனென்றால் எந்த வயதிலும் அந்தக் கொக்கி இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

கடைசியாகக் கால்வெய்ன் பள்ளம். மேல் ஓரப்பல்லின் வெளிமுகத்தில் நெடுக்காக ஓடும் கறை படிந்த கோடு. பத்து வயதில் ஈறோரம் தலைகாட்டும், பதினைந்தில் பாதிப் பல் வரை, இருபதில் முழு நீளம், இருபத்தைந்தில் மேல் பாதி மறைந்திருக்கும், முப்பதில் காணாமல் போகும். கேட்க அழகான கணக்கு. பல குதிரைகளுக்கு அந்தப் பள்ளமே கிடையாது. சிலதற்கு ஒரு பக்கம் மட்டும். இதைப் பிரபலமாக்கியவர் சிட்னி கால்வெய்ன் என்ற குதிரைப் பயிற்சியாளர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பில்லி இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. ஆகவே 1822இல் பில்லியின் வாயைத் திறந்து பார்த்திருந்தாலும் இந்தக் கணக்கு யார் கையிலும் இல்லை. முப்பதோடு முடிந்துவிடும் கணக்கு அறுபதுக்கு எப்படியும் உதவாது.

தவறு எங்கே நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மணல் மேய்ச்சலில் வளர்ந்த குதிரைக்குப் பல் வேகமாகத் தேய்ந்து வயது கூடுதலாகத் தெரியும். லாயத்தில் கட்டி வைத்து மாவுத்தீனி போட்டு வளர்த்தால் வெட்டுப்பல்லுக்கு வேலையே இல்லை. நீண்டு நிற்கும், குழியும் தாமதமாகத்தான் மறையும். மரக்கட்டையைக் கவ்விக் காற்றை விழுங்கும் பழக்கம் உள்ள குதிரைக்கு மேல் பல்லின் முன்விளிம்பு வளைவாக மழுங்கியிருக்கும், அந்த வாயில் குழிக் கணக்கு செல்லாது. மேல்தாடை நீண்டு கிளிமூக்காக இருந்தால் பல் பல்லைத் தொடுவதே இல்லை, தேய்மானம் எங்கிருந்து வரும்? இனத்துக்கு இனம் வேறுபாடும் உண்டு. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 1990களில், வயது பதிவான குதிரைகளை இனவாரியாக ஒப்பிட்டார்கள். அரபுக் குதிரையின் பல் பாரக் குதிரையின் பல்லைவிட மெதுவாகத் தேய்கிறது என்று தெரிந்தது. அதாவது ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு அரபுக் குதிரையைப் பார்த்தால் வயது குறைவாகத்தான் வரும். அதே காலத்தில் பிரிட்டனின் பிரிஸ்டலில், அனுபவசாலிகளிடம் குதிரைகளைக் காட்டி வயது சொல்லச் சொன்னார்கள். இளம் குதிரைகளில் நெருக்கமாக வந்த கணிப்பு, வயது ஏறஏற விலகிப்போனது.

இது போதாதென்று மோசடி வேறு. ஆங்கிலத் தரகர்களிடம் ‘பிஷப்பிங்’ என்ற தொழிலே இருந்தது. நீண்ட பல்லை அரத்தால் ராவிக் குட்டையாக்கி, கீழ் ஓரப்பல்லில் உளியால் குழி தோண்டி, காய்ச்சிய இரும்பால் கறுப்பாகச் சுட்டுவிடுவார்கள். பதினைந்து வயதுக் குதிரை ஏழு வயதாகிவிடும். கண்டுபிடிப்பது கடினமில்லை. இயற்கையான குழியைச் சுற்றி எனாமல் வளையம் மேடாக நிற்கும், நகத்தால் தடவினாலே இடறும். தோண்டிய குழியைச் சுற்றி வெறும் டென்டின், வழவழவென்று இருக்கும். குழி ஏழு வயது என்கிறது, பல்லின் முகமோ முக்கோணமாக இருக்கிறது என்றால் அங்கேயே குட்டு உடைந்தது. பல் நட்சத்திரம் வட்டமாகி நடுவில் நிற்கும் பல்லில் ஆழமான குழி இருக்க வழியே இல்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது சரி. காசு கொடுத்து வாங்கினால் பல்லை மட்டும் பார்த்தாலும் போதாது.

இந்த அறிவோடு பில்லியிடம் வருவோம். வெட்டுப்பல்லைவிடக் கடைவாய்ப்பல்தான் இங்கே முக்கியம், ஏனென்றால் குதிரையின் உயிர் அதில் இருக்கிறது. வெட்டுப்பல் போனாலும் உதட்டால் புல்லைத் திரட்டித் தின்னும். கடைவாய் தேய்ந்தால் வைக்கோலை அரைக்க முடியாது. மென்ற தீனி உருண்டை உருண்டையாகக் கீழே விழும், உடம்பு இற்றுப்போகும். ஐந்து வயதில் கடைவாய்ப்பல்லின் நீளம் ஏறக்குறைய 8 செ.மீ. ஆண்டுக்கு 2.5 மி.மீ. தேய்ந்தால் 32 ஆண்டில் முடிந்துவிடும், அதாவது 37 வயதில். 2 மி.மீ. என்றாலும் 45. முதல் பெரிய கடைவாய்ப்பல் ஒரு வயதிலேயே முளைத்துவிடுவதால் அது முதலில் தீரும். மூன்றரை வயதில் வரும் கடைசிப் பல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். 62 வயது வரை 8 செ.மீ. பல் இருந்திருக்க வேண்டுமென்றால் தேய்மானம் ஆண்டுக்கு 1.4 மி.மீ.தான் இருந்திருக்க வேண்டும்.

இதை வைத்து 62 பொய் என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. பல் இல்லாத குதிரை சாகத்தான் வேண்டும் என்பது மேய்ச்சலை மட்டும் நம்பிய குதிரைக்குப் பொருந்தும். வேலைக் குதிரைக்கு ஓட்ஸும் தவிடும் சேர்த்துப் போடுவது வழக்கம், அதனால் தேய்மானமும் குறையும். பில்லிக்குக் கடைசி ஆண்டுகளின் குளிர்காலத்தில் ஊறவைத்த கூழ்த்தீனி கொடுத்ததாக அன்றைய குறிப்பும் இருக்கிறது. கடைவாய் வழவழத்துப்போன குதிரையை இன்றும் அப்படித்தான் காப்பாற்றுகிறார்கள். தவிர, 1951இல் பிறந்த சுகர் பஃப் என்ற குட்டைக் குதிரை 56 வயதில், 2007இல் இங்கிலாந்தின் வெஸ்ட் சசெக்ஸில் இறந்தது. இருபதாம் நூற்றாண்டில் பிறந்த குதிரைக்கு 56 முடியுமென்றால் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்ததற்கு 62 அபூர்வம் என்று சொல்லலாம், அசாத்தியம் என்று சொல்ல முடியாது. குட்டைக் குதிரைகள் பொதுவாக நீண்ட ஆயுள் உடையவை. பில்லி படகு இழுத்த கட்டுடம்புக் குதிரை. இந்த வேறுபாடு மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.

பல் அதிகபட்சம் சொல்லக்கூடியது ‘முப்பதுக்கு மேல்’ என்பதுதான். அந்த முப்பதுக்கு மேல் 62 வரை உள்ள 32 ஆண்டுகளும் வேறு சாட்சியத்தின்மேல் நிற்கின்றன. அந்தச் சாட்சி ஒரு மனிதர்: ஹென்றி ஹாரிசன். வில்லியம் பிராட்லி 1821இல் வரைந்த பில்லியின் படத்தோடு வெளிவந்த குறிப்பில் அவர் வாக்கு இருக்கிறது. அவருக்கு அப்போது 76 வயது நெருங்குகிறது. இந்தக் குதிரையை 59 ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும். ஏருக்குப் பழக்கும்போது கூட இருந்தார். அப்போது அதற்கு இரண்டு வயது இருக்கலாம் என்று நினைக்கிறார்.

கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 76இல் 59 போனால் 17. 1821இல் 59 போனால் 1762. அதிலிருந்து இரண்டைக் கழித்தால் 1760. பில்லியின் பிறந்த ஆண்டு இப்படி வந்ததுதான். பிறப்புப் பதிவு எதுவும் இதற்குள் இல்லை.

இந்தச் சாட்சியத்தின் பலம் என்னவென்றால், குதிரையின் வயதைத் தன் வயதோடு கட்டிச் சொல்கிறார். பதினேழு வயதுப் பையனாக இருந்தபோது பழக்கிய குதிரை நினைவிலிருந்து எளிதில் தப்பாது. ‘இரண்டு வயது இருக்கலாம்’ என்று அவர் தயங்குவதும் நம்பிக்கை தருகிறது. புளுகுபவன் அந்த இடத்தில் தயங்கமாட்டான். அந்தத் தயக்கத்தால் வரும் பிழை ஓர் ஆண்டு, மிஞ்சினால் இரண்டு. ஏருக்குப் பழக்கும் வயது இரண்டு, மூன்று என்பதால் அதற்குமேல் போகாது.

பலவீனம் வேறிடத்தில். பண்ணைக் குதிரையும் கம்பெனிக் குதிரையும் ஒன்றே என்பதற்கு ஹாரிசனின் கண்ணைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. 59 ஆண்டும் விடாமல் பார்த்தாரா, இடையில் பிரிந்து மறுபடி கண்டாரா என்று அந்தக் குறிப்பு விளக்கவில்லை. நெற்றியில் வெள்ளைப் பட்டை உள்ள பழுப்புக் குதிரைகள் லங்காஷயரில் கணக்கில்லாமல் இருந்திருக்கும். பில்லி என்ற பெயரும் அப்படியே. ஒரு பில்லி செத்து, அடுத்த பில்லி அதே இடத்தில் கட்டப்பட்டு, கதை தொடர்ந்திருந்தால்? வயதில் சாதனை படைக்கும் மனிதர்கள் விஷயத்தில் ஆராய்ச்சியாளர்கள் முதலில் சந்தேகிப்பதும் இந்த ஆள்மாறாட்டத்தைத்தான்: அண்ணனின் பெயரைத் தம்பிக்கு வைப்பது, அப்பாவின் பதிவை மகன்மேல் ஏற்றுவது.

எதிர்வாதமும் இருக்கிறது. கம்பெனி இந்தக் குதிரையைக் கிழக்குதிரை என்று தெரிந்தே ஓய்வு கொடுத்து, லாச்ஃபோர்டில் வில்லியம் ஏர்லின் நிலத்தில் மேயவிட்டது. 1822 ஜூனில் சார்லஸ் டவுன் என்ற ஓவியர் அங்கே போய்ப் படம் வரைந்தபோது, கூடப் போனவர்களில் ராபர்ட் லூகாஸ் என்ற கால்நடை மருத்துவரும் ஒருவர். குதிரை சிரமமின்றிப் படுத்து எழுந்ததாகவும், குட்டிகளோடு துள்ளி விளையாடியதாகவும், நாலுகால் பாய்ச்சலில்கூட ஓடியதாகவும் எழுதிவைத்திருக்கிறார்கள். 62க்கு இது நம்ப முடியாத சுறுசுறுப்பு என்று சிலர் இதையே சந்தேகத்துக்குக் காரணமாக்குவார்கள். ஆனால் மூட்டு எப்படி இருக்கிறது என்பதிலிருந்து வயது சொல்வது, பல்லிலிருந்து சொல்வதைவிட மோசமான முறை.

இன்றைய ஆய்வகம் தீர்த்துவைக்குமா? கார்பன் காலக்கணிப்பை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பல் உருவானது 1760களில், எலும்பின் கடைசிப் புதுப்பிப்பு 1820 வாக்கில். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் வயது கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் 1650 முதல் 1950 வரை கார்பன் அளவை ஆண்டாக மாற்ற உதவும் வளைவு ஏறியும் இறங்கியும் ஒரே தளத்தில் கிடக்கிறது. அந்தக் காலத்துக்குள் அறுபது ஆண்டைப் பிரித்துச் சொல்ல வழியில்லை. பல் வேரைச் சுற்றி ஆண்டுக்கு ஆண்டு படியும், சிமென்டம் என்ற கடினத் திசுவின் அடுக்குகளை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் எண்ணும் முறை இருக்கிறது. மரத்தின் வளையம் எண்ணுவதைப் போன்றது. மான், கரடி போன்றவற்றில் நன்றாக வேலை செய்கிறது. மிகக் கிழமான விலங்கில் அடுக்குகள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிவிடும், எண்ணும்போது குறைவாகத்தான் வரும். மண்டையோட்டை அறுக்க அருங்காட்சியகம் சம்மதிப்பதும் கேள்விதான். அண்மைக்காலத்தில் குதிரை டி.என்.ஏ.வில் வயதோடு மாறும் மெத்தில் குறிகள் என்ற வேதிக் குறிகளை வைத்து வயது கணிக்கிறார்கள், தொல்லியல் எலும்பிலும்கூட. இருப்பதில் அதுவே நம்பிக்கையான வழி. அந்தக் கணக்கை உருவாக்கப் பயன்பட்ட குதிரைகளில் அறுபதைத் தொட்டது ஒன்றும் இருக்க முடியாது என்பதால் விடை ‘மிகவும் கிழம்’ என்ற அளவில் நின்றாலும் வியப்பில்லை. ஆனால் அது நாற்பது என்று சொன்னால் ஆள்மாறாட்டச் சந்தேகம் வலுக்கும். அந்த அளவில் அது பயன்படும்.

ஆகவே பில்லியின் ஏட்டில் எழுத வேண்டியது: பல்லின்படி முப்பதுக்கு மேல், ஒரே சாட்சியின்படி ஏறக்குறைய 62, பிறப்புப் பதிவு இல்லை. சாட்சி நம்பத் தகுந்தவர் என்பதே இந்த ஆய்வின் கருத்து. ஆனால் அவர் ஒருவர்தான்.

இப்போது குதிரை வாங்குபவருக்கோ, சான்றிதழ் எழுதும் மருத்துவருக்கோ இதிலிருந்து நடைமுறைக்கு என்ன? காகிதம் இல்லாத குதிரைக்கு ஐந்து வரை வயதைத் துணிந்து எழுதலாம். ஐந்திலிருந்து பத்துக்குள் இரண்டு ஆண்டு இப்படி அப்படி என்று வரம்போடு எழுத வேண்டும். பத்தைத் தாண்டினால் ‘பத்துக்கு மேல்’, முக்கோண முகமும் கூர்ந்த சாய்வும் சேர்ந்து தெரிந்தால் ‘பதினைந்துக்கு மேல்’ என்று நிறுத்திக்கொள்வது நல்லது. பதினேழு, பத்தொன்பது என்று எழுதுவது வெறும் ஊகம். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே விற்பனைக்கு வரும் கத்தியவாரி, மார்வாரிக் குதிரைகளின் பல்லை ஐரோப்பிய அட்டவணையில் வைத்து ஓராண்டு நுணுக்கமாகச் சொல்பவரிடம் கொஞ்சம் எட்டியே நிற்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009 ஜூலை முதல் புதிதாக அடையாளப்படுத்தும் குதிரைகளுக்குக் கழுத்தில் மைக்ரோசிப் பொருத்துவது கட்டாயம். இங்கிலாந்தில் 2020 அக்டோபர் முதல் பழைய குதிரைகளுக்கும் கட்டாயமாக்கினார்கள். சிப் இருப்பதால் வயது உறுதி என்று நினைத்துவிடக் கூடாது. குட்டியாக இருந்தபோதே பொருத்தியிருந்தால் பிறந்த தேதி நிஜம். வளர்ந்த குதிரைக்குப் பின்னால் பொருத்தியிருந்தால், அந்தத் தேதியை நிரப்பியவர் அன்றைக்கு வாயைத் திறந்து பார்த்துத்தான் எழுதியிருப்பார். எனவே குதிரையின் அடையாள ஆவணமான பாஸ்போர்ட்டில் பிறந்த தேதியைப் பார்க்கும்போதே பாஸ்போர்ட் வழங்கிய தேதியையும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பத்தாண்டு இடைவெளி இருந்தால் அங்கே அச்சிட்டிருப்பதும் பல் சொன்ன வயதாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.